"நெஞ்சில் மெஷின் இருக்கிறதா?": இறந்தவர் உடலில் உள்ள கருவிகள் என்ன ஆகின்றன

தண்டையார்பேட்டையில் வாழ்ந்து மறைந்த என் பெரியம்மாவை எரியூட்டிய அன்று மாலை அஸ்திக் கலயத்தை வாங்கப் போனபோது, மயான ஊழியர் கலயத்தோடு இன்னொரு பொருளையும் எங்களிடம் நீட்டினார். பழைய பெயின்ட் டப்பா மூடி ஒன்றில் அவர் வைத்திருந்த அது, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டு. குதிரை லாடத்தைப் பக்கவாட்டில் வளைத்தது போன்ற உருவம். வெளிப்பக்கம் வழவழப்பு, உட்பக்கம் சொரசொரப்பு. அத்தனை நெருப்பில் கிடந்தும் கறுத்திருந்ததே ஒழிய ஓர் இடத்திலும் நெளியவில்லை. "முட்டி ஆபரேஷன் பண்ணவங்களா? இது எரியாது சார். எடுத்துனு போறீங்களா, இங்கயே வெச்சிடட்டுமா?" என்று கேட்டார். சாம்பலைக் காசிமேட்டுக் கடலில் கரைப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இந்த உலோகத்தை என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு ஆண்டுகள் தன் அம்மாவை மாடிப்படி ஏற வைத்த மூட்டை அங்கேயே விட்டுவிட்டு வர மனம் வராமல் அண்ணன் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

அதே ஊழியர் காலையில் உடலை மேடையில் ஏற்றும் முன் வேறொரு கேள்வியும் கேட்டிருந்தார்: "நெஞ்சுல மெஷின் எதுனா வெச்சிருக்காங்களா?" அந்த நேரத்து அழுகையில் அது காதில் விழுந்ததே தவிர எங்கள் மனத்தில் பதியவில்லை. பின்னர் யோசித்தபோதுதான் அது எவ்வளவு முக்கியமான கேள்வி என்பது புரிந்தது. யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த பதிவேட்டில் அப்படி ஒரு பத்தியும் இல்லை. தகன அறையின் கதவுக்கு முன்னால் நிற்பவர் என்ற முறையில், அனுபவத்தில் கற்று, தன் உயிருக்காக அவராகவே கேட்ட கேள்வி அது.

ஒரு தலைமுறைக்கு முன் இந்தக் கேள்விக்கு அவசியம் குறைவு. அப்போது சாம்பலில் மிஞ்சிய உலோகம் பெரும்பாலும் ஒரு தங்கப் பல்லாகத்தான் இருக்கும். 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடைமுறையில் இருக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், வசதியுள்ளவர்களுக்கே எட்டும் என்றிருந்த சிகிச்சைகளை உழைக்கும் குடும்பங்களுக்கும் கொண்டு வந்தன. இன்று ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், கண்ணில் லென்ஸ் வைத்த பாட்டி, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த மீனவர், கண்டெய்னர் லாரி மோதித் தொடையில் ராடு வைத்த இளைஞர், காது கேட்பதற்காகக் காதுக்குப் பின்னால் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தை, பேஸ்மேக்கரோடு வாழும் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி எனப் பலரைப் பார்க்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு காலை நேரம் உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் உடலுக்குள் உலோகத்தோடு நடக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். இவர்கள் எல்லோரும் ஒருநாள் ஓட்டேரிக்கோ மூலக்கொத்தளத்துக்கோ காசிமேட்டுக்கோ அந்தக் கருவிகளோடுதான் வந்து சேர்வார்கள்.

அவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்யாதவை. எரிவாயு தகன மேடையின் உள்வெப்பம் சுமார் 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். டைட்டானியம் உருக 1,668 டிகிரி வேண்டும். மூட்டுகளில் பயன்படும் கோபால்ட்-குரோமியம் கலவையும், ராடுகளிலும் பிளேட்டுகளிலும் பயன்படும் எவர்சில்வர் வகை எஃகும் உருகுவதற்கு 1,300 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் இவை போன உருவத்திலேயே திரும்பி வருகின்றன. கண்ணுக்குள் வைத்த லென்ஸ் பிளாஸ்டிக் வகை என்பதால் தடயமின்றி எரிந்துவிடும். ஸ்டென்ட் மெல்லிய உலோக வலை. சாம்பலில் தேடினாலும் அகப்படாது. காக்ளியர் கருவியின் உட்பகுதியில் பேட்டரி கிடையாது. பேட்டரி இருப்பது வெளியே மாட்டும் பகுதியில், அதைத் தனியே கழற்றி எடுத்துவிடலாம். ஸ்டென்ட் வைத்தவரை எரிக்கலாமா என்று அச்சத்தோடு கேட்பவர்கள் உண்டு. தாராளமாக எரிக்கலாம்.

கவனம் வேண்டியது பேட்டரி உள்ள கருவிகளில். பேஸ்மேக்கர் எனும் இதயமுடுக்கியும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது மின் அதிர்ச்சி கொடுத்து நேராக்கும் ஐ.சி.டி. கருவியும் இவற்றில் முதன்மையானவை. வலியைக் குறைக்க முதுகுத்தண்டில் மின்தூண்டல் தரும் கருவி, கை நடுக்கத்தைக் குறைக்க மூளைக்கு மின்தூண்டல் தருவதற்காக மார்பில் வைக்கும் கருவி, துடிப்பைப் பதிவு செய்வதற்காகத் தோலுக்கடியில் வைக்கும் சிறு பதிவுக் கருவி ஆகியவையும் இதே வகை.

உடலுக்குள் முழுவதும் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அது சில மணி நேரமே வேலை செய்தது. அதன்பின் தம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்ட அவர் 2001-இல் 86 வயதில் தோல் புற்றுநோயால் இறந்தார். தமக்கு அறுவை செய்த மருத்துவரையும் கருவியை வடிவமைத்த பொறியாளரையும் விட அதிக காலம் வாழ்ந்தவர் அவர். இன்றைய பேஸ்மேக்கர் தீப்பெட்டி அளவுதான். 20 முதல் 30 கிராம் எடை. உடலின் ஈரம் உள்ளே புகக்கூடாது என்பதற்காக அதன் டைட்டானியக் கூட்டைக் காற்றுப் புகாதபடி பற்றவைத்து மூடியிருப்பார்கள். உயிரோடு இருக்கும்வரை நோயாளியைக் காப்பாற்றும் அந்த மூடல்தான் நெருப்பில் ஆபத்தாகிறது. உள்ளே இருக்கும் பேட்டரி பெரும்பாலும் லித்தியமும் அயோடினும் சேர்ந்தது. லித்தியம் சுமார் 180 டிகிரியில் உருகும். ஏறக்குறைய அதே வெப்பத்தில் அயோடின் கொதித்து ஆவியாகும். வெளியேற வழியில்லாத அழுத்தம் சில நிமிடங்களிலேயே கூட்டைப் பிளந்துகொண்டு வெடிக்கிறது.

மூடிய தகன அறையில் இந்த வெடிப்பு உட்சுவரின் தீச்செங்கல்லைப் பெயர்க்கலாம், கதவைச் சேதப்படுத்தலாம். எரிதல் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் துவாரத்தில் ஊழியர் கண்ணை வைத்திருக்கும் நேரமாக அது இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விறகும் வராட்டியும் அடுக்கிய திறந்த சிதையில் சுவர் பெயரும் கவலை இல்லை; அதற்குப் பதிலாகத் துண்டுகள் வெளியே தெறிக்கும். கொள்ளி வைத்த மகன் திரும்பிப் பாராமல் போய்விடுவது நம் வழக்கம். சிதையருகே கோலோடு நின்று தீயைத் தள்ளிவிடுபவர் ஊழியர்தான்.

தகன மேடையில் பேஸ்மேக்கர் வெடித்ததாக முதலில் பதிவான நிகழ்வு 1976-இல் இங்கிலாந்தின் சோலிஹல் நகரில் நடந்தது. அந்நாட்டுத் தகனக் கூடங்களில் எடுக்கப்பட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், பதிலளித்த ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகைய வெடிப்பை நேரில் அனுபவித்ததாகக் கூறினர். அங்கே உடலை எரிப்பதற்கு முன் மருத்துவர் நிரப்ப வேண்டிய படிவத்திலேயே ஆபத்தான கருவி உடலில் உள்ளதா, அகற்றப்பட்டதா என்ற கேள்வி நீண்ட காலம் இருந்தது. 2024 செப்டம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இறப்புச் சான்று முறையைத் திருத்தியபோது, உடலில் உள்ள கருவிகளைப் பற்றிய விவரத்தை மரணக் காரணச் சான்றிதழிலேயே சேர்த்துவிட்டார்கள். இறப்பை உறுதி செய்யும் மருத்துவர் அதை எழுதாமல் தாளை முடிக்க முடியாது.

நம்மிடம் உள்ள தாள் வேறு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி மருத்துவமனையில் இறந்தவருக்குப் படிவம் 4, வீட்டில் இறந்தவருக்குப் படிவம் 4ஏ ஆகியவற்றில் மருத்துவர் மரணக் காரணத்தை எழுதித் தருகிறார். உடனடிக் காரணம் என்ன, அதற்கு முந்தைய காரணம் என்ன, இயற்கை மரணமா விபத்தா, பெண்ணானால் கருவுற்றிருந்தாரா என்றெல்லாம் அவற்றில் கேட்கப்பட்டுள்ளது. கருவி பற்றிய கேள்வி இல்லை. தெரு முனையில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் வந்து நாடி பார்த்துச் சான்று எழுதித் தருவார். ஐஸ் பெட்டி வரும், உறவினர் வருவார்கள், பறை வரும், பூப்பல்லக்கு வரும். பெரும்பாலும் ஒரே நாளுக்குள் உடல் மயானம் போய்விடும். இறந்தவரின் உடலுக்குள் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இதய நிபுணர் இந்த வரிசையில் எங்குமே இல்லை. இதையே நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். படிவத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கு ஆகும் செலவு எதுவும் இல்லை. அந்த வரி இல்லாததன் விலையைக் கொடுப்பவர் மயானத்தில் வேலை செய்பவர்.

கருவியை அகற்றுவது கடினமான வேலையா என்றால், பேஸ்மேக்கரைப் பொறுத்தவரை இல்லை. அது பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில்தான் இருக்கும். மெலிந்த முதியவர் உடலில் அதன் விளிம்பு கண்ணுக்கே தெரியும். பழைய தழும்பின் மேலேயே சிறிதாகக் கீறி, கருவியை வெளியே எடுத்து, வயர்களைத் துண்டித்து, தோலைத் தைத்துவிடலாம். வயர்கள் உள்ளேயே இருக்கலாம். அவற்றில் பேட்டரி இல்லை. பயிற்சி உள்ளவருக்குக் கால் மணி நேர வேலை. மருத்துவமனையில் இறந்தால், உடலைப் பெற்றுக்கொள்ளும் முன்பே வார்டு மருத்துவரிடம் சொல்லி, குடும்பத்தின் ஒப்புதலோடு எடுக்கச் செய்வதே எளிது. உடற்கூறாய்வு நடக்கும் உடலானால் அப்போதே எடுத்துவிடலாம். வயர் இல்லாமல் இதய அறைக்குள்ளேயே அமரும் மிகச் சிறிய பேஸ்மேக்கர்களும் இப்போது வந்துவிட்டன. அவற்றை இப்படித் தோலைக் கீறி எடுக்க முடியாது என்பதால் பொருத்திய மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஐ.சி.டி. கருவிக்கு வேறு எச்சரிக்கை உண்டு. உருவத்தில் பேஸ்மேக்கரைப் போலவே, ஆனால் சற்றுப் பெரிதாக இருக்கும் இது, ஏறத்தாழ 700 முதல் 800 வோல்ட் வரை மின் அதிர்ச்சி கொடுக்கக்கூடியது. இறந்தவர் உடலில் இருந்தாலும் அது தூங்குவதில்லை. வயரை வெட்டும்போது உண்டாகும் மின் சலனத்தை இதயத்தின் தாறுமாறான துடிப்பு என்று எண்ணி, வெட்டுபவர் கையிலேயே அதிர்ச்சியைப் பாய்ச்சிவிடலாம். அதற்கென உள்ள கணினிக் கருவியால் முதலில் அணைத்த பிறகே இதைத் தொட வேண்டும். உயிர் பிரியும் கட்டத்திலும் இதே கருவி துன்பம் தரக்கூடும். புற்றுநோயின் இறுதி நாட்களில் இருக்கும் ஒருவரின் இதயம் தடுமாறும்போதெல்லாம் அது மீண்டும் மீண்டும் அதிர்ச்சி கொடுத்தால், அந்த மரணம் வலி நிறைந்ததாகிவிடும். நோயாளியோ குடும்பத்தினரோ விரும்பினால் அதிர்ச்சி தரும் பகுதியை மட்டும் நிறுத்தி வைப்பது மருத்துவ அறத்துக்கு உட்பட்டதே என்று உலகளாவிய இதயத்துடிப்பு நிபுணர் அமைப்பான ஹார்ட் ரிதம் சொசைட்டி 2010-இல் தெளிவாகக் கூறியது. அவசரத்தில் ஒரு காந்தத்தை அதன்மேல் வைத்தாலே அதிர்ச்சி தற்காலிகமாக நிற்கும்.

இங்கே, எங்கள் பகுதி முதியவர்களிடம் பலமுறை கேட்ட ஓர் அச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். "பேட்டரி வெச்சவங்களுக்கு உசுரு சீக்கிரம் போவாது, இழுத்துனே கெடக்கும்" என்பார்கள். அது உண்மை இல்லை. பேஸ்மேக்கர் தருவது ஒரு சிறு மின் தூண்டல் மட்டுமே. அதை ஏற்றுச் சுருங்க வேண்டியது இதயத் தசை. உயிர் பிரிந்து தசைக்கு இரத்தமும் உயிர்வளியும் இல்லாமல் போனபின் தூண்டல் போய்க்கொண்டே இருந்தாலும் இதயம் அதற்கு அசையாது. மானிட்டர் திரையில் மட்டும் சிறு கோடுகள் தொடர்ந்து தெரியலாம். அதைப் பார்த்துத் துடிப்பு இருக்கிறது என்று உறவினர்கள் பதறிய கதைகளுக்குக் காரணம் இதுதான்.

புதைப்பவர்களுக்கு இந்தக் கவலைகளில் பெரும்பகுதி இல்லை. வடசென்னையில் இஸ்லாமியர்களும் கிறிஸ்தவர்களும் மட்டுமன்றி, பல இந்துக் குடும்பங்களும் இறந்தவரைப் புதைக்கும் வழக்கம் உடையவை. மண்ணுக்குள் வெடிப்பு கிடையாது. டைட்டானியம் துருப்பிடிப்பதும் இல்லை. உடலைக் கீறக்கூடாது என்ற நம்பிக்கை உள்ளவர்கள் கருவியை அப்படியே விட்டுவிடுவதால் தவறொன்றும் நேராது. ஆனால் இடநெருக்கடி மிகுந்த நம் கல்லறைத் தோட்டங்களில் குடும்பக் கல்லறையை ஆண்டுகள் கழித்து மீண்டும் திறக்கும்போது, எலும்போடு எலும்பாக ராடும் ஸ்குருவும் வெளிவரும் என்பதைக் குடும்பத்தினர் எதிர்பார்த்திருப்பது நல்லது.

எடுத்த பேஸ்மேக்கர் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பொருளில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி. புதிதாகப் பொருத்திய சில மாதங்களிலேயே ஒருவர் வேறு காரணத்தால் இறந்துவிட்டால், இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய கருவி அவர் உடலில் இருக்கிறது. அமெரிக்காவில் இறுதிச் சடங்கு நிலையங்கள் நன்கொடையாகக் கொடுத்த 121 பேஸ்மேக்கர்களைச் சோதித்து, பேட்டரி போதுமான அளவு மீதமிருந்த 53 கருவிகளைத் தூய்மைப்படுத்தி, மும்பையில் ஒரு தொண்டு மருத்துவமனையில் 53 ஏழை நோயாளிகளுக்குப் பொருத்திய அனுபவம் 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் இதைவிடப் பெரிய ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், டொமினிகன் குடியரசு ஆகிய நாடுகளில் மறுபயன்பாட்டுக் கருவி பெற்ற 1,051 பேரும், கனடாவில் புதுக் கருவி பெற்ற 3,153 பேரும் அதில் ஒப்பிடப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில் தொற்று ஏற்பட்டவர்கள் முதல் பிரிவில் 2.0 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 1.2 விழுக்காடு. புள்ளியியல் கணக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

இதற்கு எதிரான வாதமும் வலுவானதே. உற்பத்தியாளர்கள் இக்கருவிகளை ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றே விற்கிறார்கள். தூய்மைப்படுத்துவதில் ஒருவர் அலட்சியம் காட்டினால் அது நேராக இன்னொருவரின் இதயத்தில் போய் முடியும். யார் சோதித்தது, யார் பொறுப்பு என்ற பதிவு இல்லாத இடத்தில் மறுபயன்பாடு ஏழையை ஏமாற்றும் வணிகமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆனாலும் வெளிநாட்டில் இறந்தவரின் கருவி கடல் கடந்து வந்து ஓர் இந்தியரை வாழவைத்திருக்க, இங்கே இறந்தவரின் கருவி தகன மேடையில் வெடித்துச் சிதறுகிறது என்பதை எண்ணும்போது எனக்கு மனம் ஆறவில்லை. உறுப்பு தானத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. அதற்கு உருவாக்கிய ஒழுங்கையும் பதிவு முறையையும் இந்தக் கருவிகளுக்கும் உருவாக்கிப் பார்க்கலாம்.

மூட்டுகளையும் ராடுகளையும் இப்படி இன்னொருவருக்குப் பொருத்துவதில்லை. நெருப்பும் தேய்மானமும் கண்டவை அவை. அவற்றை உருக்கி உலோகமாக மீட்கலாம். நெதர்லாந்தில் 1997-இல் தொடங்கிய ஆர்த்தோமெட்டல்ஸ் நிறுவனம் தகனக் கூடங்களிலிருந்து இவற்றைச் சேகரித்து வகைபிரித்து உலோக ஆலைகளுக்கு அனுப்புகிறது. பிரிட்டனில் குடும்பத்தின் ஒப்புதலோடு சேரும் உலோகத்தை விற்ற தொகை தொண்டு அமைப்புகளுக்குப் போகிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள், உலோக உள்வைப்புகளை நீலநிறப் பிரிவில் சேர்த்து, கிருமிநீக்கிய பின் மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்கின்றன. ஆனால் அவை மருத்துவமனை போன்ற இடங்களுக்கான விதிகள். சாம்பலில் கிடக்கும் மூட்டைப் பற்றி அவற்றில் பேச்சில்லை. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளோ மருத்துவக் கருவிகளைப் பட்டியலில் சேர்க்கும்போதே உடலில் பொருத்தியவற்றை விலக்கிவிடுகின்றன. வடசென்னை மயானங்களில் இதற்கென ஒரு சேகரிப்புப் பெட்டியை நான் கண்டதில்லை. எங்களிடம் மூட்டை நீட்டிய ஊழியர், யாரும் வாங்கிப் போகாதவற்றை அரிசிச் சாக்கு ஒன்றில் போட்டு ஓர் ஓரத்தில் வைத்திருந்தார். காயலான் கடையில் போட மனம் வரவில்லை என்றார்.

வேறொரு பயனும் இக்கருவிகளுக்கு உண்டு. பேஸ்மேக்கரிலும் பல மூட்டுகளிலும் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அடையாளம் தெரியாத உடல் கரை ஒதுங்கும்போதோ தீ விபத்தில் முகம் சிதைந்துபோகும்போதோ, அந்த எண்ணை வைத்து எந்த மருத்துவமனையில் யாருக்குப் பொருத்தியது என்று தடயவியல் மருத்துவர்கள் கண்டறிய முடியும். கருவியின் நினைவகத்தைப் படித்து, இதயம் கடைசியாக எப்போது எப்படித் துடித்தது என்று அறிந்த வழக்குகளும் உலகில் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் தொடக்கம், பேஸ்மேக்கர் வைத்ததும் மருத்துவமனையில் கொடுக்கும் சிறிய அடையாள அட்டைதான். கருவியின் வகை, வரிசை எண், பொருத்திய நாள், மருத்துவரின் பெயர் ஆகியவை அதில் இருக்கும். திருவொற்றியூரில் இருக்கும் என் மாமனாருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பெரியம்மாவின் காரியம் முடிந்த வாரத்தில் அவரிடம் தயங்கித் தயங்கித்தான் இந்தப் பேச்சை எடுத்தேன். "மாமா, அந்தக் கார்டு எங்க இருக்கு?" என்று கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. பீரோவைத் திறந்து, பழைய ரேஷன் கார்டுகளுக்கும் துறைமுக பென்ஷன் தாள்களுக்கும் அடியில் இருந்து அதை எடுத்தார். "எரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடச் சொல்லு. நல்லா ஓடுதுன்னா யாருக்காச்சும் குடுக்க முடியுமான்னும் கேட்டுப் பாருங்க மாப்ள" என்றார். மயான வாசலில் முதலில் கேட்பது இறந்தவரின் ஆதார் நகலைத்தான் என்பதால், இப்போது அந்த அட்டையை அவருடைய ஆதார் வைத்திருக்கும் உறையிலேயே போட்டு, மேலே மருத்துவரின் எண்ணையும் எழுதி வைத்திருக்கிறோம்.